முப்பது வட்டத்துக் காணி: கல்பாக்கம் – திருக்கழுக்குன்றம் பகுதியை முன்வைத்துச் சிவாசாரியர் குல வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகச் சிவன் கோயில்களில் கருவறைப் பூசை செய்யும் ஆதிசைவ சிவாசாரியர்களின் வரலாறு பெரும்பாலும் இரு முனைகளிலிருந்தே பேசப்படுகிறது. ஒரு முனை, ஐந்து முனிவரிலிருந்து தொடங்கும் தொன்மரபு. மறு முனை, 1971க்குப் பிந்தைய சட்ட வழக்குகள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் அக்குலம் ஒன்றிணைந்து நின்றது பிறப்பினால் மட்டுமன்று. ‘காணி’ எனப்பட்ட, பங்கிடவும் கைமாற்றவும் கூடிய பூசையுரிமையாலும் ஆகும் என்பதைத் தொண்டைமண்டலக் கடற்கரைச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிவாசாரியர், ஆதிசைவர், காணி, முப்பது வட்டம், திருக்கழுக்குன்றம், கூரம் செப்பேடு, பரார்த்த பூசை.

முன்னுரை

கல்பாக்கத்திற்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்தை அடுத்துள்ள வாயலூரில், இராசசிம்ம பல்லவன் காலத்துத் தூண் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல்லவர் வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைக் கடந்து செல்ல இயலாது. நான்முகனில் தொடங்கி, அங்கிரசு, பிருகற்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என இறங்கி, மன்னர் பலரின் பெயர்களை வரிசைப்படுத்தி, இராசசிம்மனில் முடியும் வமிசப் பட்டியல் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. புராணப் பெயர்களும் வரலாற்றுப் பெயர்களும் இடைவெளியின்றி ஒரே மூச்சில் சொல்லப்படுவதே அக்கல்வெட்டின் இயல்பு.

கோயிலில் நிற்கும் அத்தூணில் அரசரின் குலம் எழுதப்பட்டுள்ளது. கோயிலுள் பூசை செய்தவரின் குலத்துக்கு அத்தகைய தூண் இல்லை. அவர்தம் முன்னோரின் பெயர்கள் விளக்கெரிக்கப் பொன் பெற்றுக்கொண்ட ஆவணங்களிலும், நிலப் பங்கீட்டுச் செப்பேடுகளிலும், ஏட்டுச் சுவடியின் இறுதி வரிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே பூசகர் குலத்தின் வரலாற்றை எழுதுவது என்பது, அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும், அவர்கள் எதற்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டனர் என்பதிலிருந்து தொடங்குவதே பயன் தரும். எனினும் தொன்மரபை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் ஒரு காலம் உண்டு.

ஐந்து முனிவரும் ‘தீண்டுவாரும்’

சிவபெருமானின் சத்தியோசாதம், வாமதேவம், அகோரம், தற்புருடம், ஈசானம் ஆகிய ஐந்து முகங்களிலிருந்து முறையே கௌசிகர், காசியபர், பரத்துவாசர், கௌதமர், அகத்தியர் ஆகியோர் தீக்கை பெற்றனர் என்பதும், அவ்வைவர் வழிவந்தோரே ஆதிசைவர் என்பதும் சிவாசாரியரிடையே வழங்கும் மரபு. இக்கோத்திரங்களே இன்றும் திருமண உறவுகளை வரையறுக்கின்றன. தொண்டை நாட்டில் ‘குருக்கள்’ என்றும் பாண்டி நாட்டில் ‘பட்டர்’ என்றும் அழைக்கப்பட்டாலும் கோத்திர வரிசை இரு பகுதிக்கும் பொதுவானது. தன்பொருட்டு இல்லத்தில் செய்யும் ஆன்மார்த்த பூசை தீக்கை பெற்ற எவர்க்கும் உரியது. உலகின் பொருட்டுக் கோயிலில் செய்யும் பரார்த்த பூசை ஆதிசைவர்க்கே உரியது என்பது இம்மரபின் மையக் கோட்பாடு. பிறப்பு மட்டும் இதற்குப் போதாது. சமயம், விசேடம், நிருவாணம் ஆகிய தீக்கைகளும் ஆசாரியாபிடேகமும் பெற்ற இல்லறத்தாரே பரார்த்த பூசைக்கு உரியராவர்.

இக்கோட்பாட்டின் கால அடைவு கவனிக்கத்தக்கது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் ‘முப்போதும் திருமேனி தீண்டுவார்’ என்றொரு தொகையடியாரைச் சுட்டுகிறார். அப்பெயர் செயலைக் குறிக்கிறதே தவிரக் குலத்தைக் குறிக்கவில்லை. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், தொண்டைமண்டலத்துக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் அத்தொகைக்கு விளக்கம் எழுதும்போது அது வழிவழி வரும் ஆதிசைவர் குலத்துக்கு உரிய பணியாகிவிடுகிறது. சுந்தரரையும் அக்குலத்தவராகவே அவர் அறிமுகப்படுத்துகிறார். இடைப்பட்ட காலத்தில் திருத்தொண்டர் திருவந்தாதி பாடிய நம்பியாண்டார் நம்பியும் ஆதிசைவரே.

ஆகம நூல்களின் நிலையும் இதனோடு ஒத்துச் செல்கிறது. பரார்த்த பூசையை ஆதிசைவர்க்கு மட்டும் வரையறுக்கும் பகுதிகள் காமிகம், காரணம் முதலிய நூல்களில் தெளிவாக உள்ளன. ஆயின் அந்நூல்கள் இன்று கிடைக்கும் வடிவில் சோழர் காலத் தென்னாட்டில் உருப்பெற்றவை என்பது சைவ சித்தாந்த மூலநூல்களைப் பதிப்பித்த ஆய்வாளர் பலரின் கருத்து. இக்கருத்தை ஏற்றால், குலம் பற்றிய கோட்பாடு பூசையுரிமையைத் தோற்றுவிக்கவில்லை, முன்பே நிலவிய உரிமையை அது பின்னர் விளக்கியது என்று கொள்ள வேண்டும். முன்பே உரிமை நிலவியதற்குச் சான்று உண்டா என்பதே அடுத்து எழும் வினா.

கூரமும் கழுக்குன்றமும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு (7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) இவ்வினாவுக்கு நேரடி விடை தருகிறது. கூரத்தில் எடுப்பிக்கப்பட்ட வித்தியாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னும் சிவன் கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்குகளாக்கப்பட்டது. அவற்றுள் 3 பங்கு, கோயிலின் தேவகன்மம் செய்யவும் பழுது நீக்கவும் அனந்தசிவாசாரியர், புல்லசர்மன் ஆகிய இருவர்க்கும் அளிக்கப்பட்டது. அவர்தம் மக்கள், பேரர் வழியாக அவ்வுரிமை தொடர வேண்டும் என்பதும் சொல்லப்பட்டுள்ளது. மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்குமாக ஒரு பங்கும், அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 20 பங்கும் நான்மறை வல்லார் இருபதின்மர்க்கு ஆயின.

இப்பங்கீட்டில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, பூசகரின் பரம்பரை உரிமை நிலப் பங்கோடு ஒன்றாகவே பிறக்கிறது. பூசையும் பழுதுபார்ப்பும் கடமை. மூன்று பங்கு நிலம் அதற்கு ஈடு. இரண்டாவது, பூசகரும் வேதியரும் வேறு வேறாகக் கணக்கிடப்படுகின்றனர். இருபது பங்கு பெற்ற சதுர்வேதியர் கருவறைப் பணிக்கு உரியவராகக் காட்டப்படவில்லை. பிற்காலத்தில் சுமார்த்தர்க்கும் சிவாசாரியர்க்கும் இடையே நிலவிய கொள்வினை கொடுப்பினையற்ற பிரிவுக்கு இது தொடக்கம் என்று உறுதிபடக் கூற இயலாவிட்டாலும், பணி வேறுபாடு 7ஆம் நூற்றாண்டிலேயே ஆவணப்படுத்தப்பட்டிருந்தது என்பது ஐயமற்றது. சிவாசாரியர் என்னும் பட்டப் பெயரே அச்செப்பேட்டில் வந்துவிடுகிறது. அடுத்த தலைமுறையில் இராசசிம்மன், காஞ்சிக் கயிலாசநாதர் கோயிற் கல்வெட்டில், சைவசித்தாந்த நெறியில் மலம் நீங்கப்பெற்றவனாகப் போற்றப்படுகிறான்.

கல்பாக்கத்திற்கு வடமேற்கே உள்ள திருக்கழுக்குன்றம் இதற்கு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. மூவர் பாடலும் மாணிக்கவாசகரின் பதிகமும் பெற்ற தலம் அது. அங்குள்ள பத்தவத்சலேசுவரர் கோயிலில் இராசகேசரிவர்மனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் முதலாம் ஆதித்த சோழன் எனக் கொள்ளப்படுகிறான். களத்தூர்க் கோட்டத்துத் திருக்கழுக்குன்றத்து மூலட்டானத்துப் பெருமானுக்குக் கந்தசிடியன் என்னும் பண்டைய பல்லவ மன்னன் இறையிலியாக விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அவ்வாறே காத்தான் என்றும், அதனை மீண்டும் நிலைநிறுத்தித் தரும்படி விண்ணப்பிக்கப்பட, சோழ மன்னன் அதற்கு இசைந்தான் என்றும் அது கூறுகிறது.

பல்லவப் பேரரசு வீழ்ந்து சோழர் தொண்டை நாட்டைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள் எழுந்த ஆவணம் இது. அரச மரபு மாறியபோது, மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைய கொடையைப் பற்றிய நினைவை எவர் காத்து வைத்திருந்தனர் என்ற வினா இயல்பாகவே எழுகிறது. அந்நிலத்தின் விளைவால் நாள் பூசையும் அதனை நடத்துவோர் வாழ்வும் நடந்தன. ஆகவே அந்நினைவு கோயிலைச் சார்ந்து வாழ்ந்தோரிடமே நிலைத்திருந்தது என்று கொள்வது பொருத்தமாகும். மன்னரின் பெயரைக் கோயிலார் நினைவில் வைத்திருந்தது பத்தியினால் மட்டுமன்று. உரிமைப் பத்திரம் இழந்தவனுக்கு முன்னோரின் பெயரே பத்திரம்.

முப்பது வட்டம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் பூசகர் ‘சிவப்பிராமணர்’ எனப்படுகின்றனர். அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் கோத்திரம், இயற்பெயர், ‘பட்டன்’ என்னும் ஈறு ஆகிய மூன்றும் இணைந்தவை. அவர்கள் அதிகமாக இடம்பெறுவது நந்தாவிளக்குக் கொடைகளில். கொடையாளி பொன்னோ காசோ ஆடோ தருவார். தொண்டை நாட்டில் ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு, சோழ நாட்டில் தொண்ணூற்றாறு ஆடு என்பது பெருவழக்கு. ‘சாவா மூவாப் பேராடு’ என்பது கல்வெட்டுத் தொடர். இறப்பையும் ஈற்றையும் ஈடுகட்டி எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பொன்னையோ காசையோ பெற்றுக்கொண்ட சிவப்பிராமணர், நாள்தோறும் உழக்கு நெய் அட்டுவதற்குச் சந்திரன், சூரியன் உள்ளளவும் தாமும் தம் வழியினரும் கடமைப்பட்டதாக எழுதிக்கொடுப்பர். ஒருவர் பின்வாங்கினால் பங்காளிகள் அனைவரும் பொறுப்பு. குலம் என்பது இங்கு ஒரு கூட்டுப் பிணையாகச் செயல்படுகிறது.

அக்கூட்டுப் பிணையின் உள்ளமைப்பைக் காட்டும் தொடரே ‘முப்பது வட்டத்துக் காணியுடைய சிவப்பிராமணர்’ என்பது. ஒரு திங்களின் முப்பது நாட்களும் பூசை முறைகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை நாள் என வரையறுக்கப்பட்டது. நாளைப் பெற்றவர்க்கு அந்நாளின் கடமையும் வரவும் உரியவை. தந்தைக்கு ஆறு நாள் முறை இருந்து மக்கள் மூவர் ஆயின் ஒவ்வொருவர்க்கும் இரண்டு நாள். ஒரு தலைமுறை கழிந்ததும் அது ஒரு நாளாகவும் அரை நாளாகவும் குறுகும். அவ்வாறு குறுகிய உரிமையை வைத்துப் பிழைக்க இயலாதவர் அதனைப் பங்காளிக்கு விற்றோ ஒற்றி வைத்தோ வேறு ஊர்க் கோயிலுக்குப் பெயர்வர். பிற்காலக் கல்வெட்டுகளில் கோயிற் காணிகள் விற்கப்பட்டமைக்குச் சான்றுகள் உள. ‘காணி’ என்னும் சொல் நில அளவையையும் பரம்பரை உரிமையையும் ஒருங்கே குறிப்பது தற்செயலன்று. பூசை நாள், நிலத்தைப் போன்றே, அளக்கவும் பங்கிடவும் கைமாற்றவும் கூடிய பொருளாக இருந்தது.

கைமாற்றத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. வாங்குபவர் பூசை செய்யத் தகுதியுடையவராக இருத்தல் வேண்டும். தீக்கையும் கோத்திரமும் இவ்விடத்தில்தான் நடைமுறைப் பொருள் பெறுகின்றன. சந்தையில் புழங்கக்கூடிய ஓர் உரிமை குலத்துக்கு வெளியே சென்றுவிடாமல் தடுத்த வேலி அது. மேலே கண்ட ஆகமக் கட்டுப்பாடுகள் சோழர் காலத்தில் விரிவாக எழுதப்பட்டதற்கும், பூசைக் காணி அக்காலத்தில் மதிப்புமிக்க சொத்தாக வளர்ந்ததற்கும் தொடர்பிருத்தல் கூடும்.

குருதி வழியோடு தீக்கை வழியும் அக்காலத்தில் இணைந்து ஓடியது. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசேந்திரன் ஆண்டுதோறும் 2000 கலம் நெல்லைச் சைவாசாரியர் சர்வசிவ பண்டிதர்க்கும், ஆரியதேசம், மத்தியதேசம், கௌடதேசம் ஆகியவற்றில் வாழ்ந்த அவருடைய மாணாக்கர்க்கும் மாணாக்கரின் மாணாக்கர்க்கும் வழங்கினான். இங்குக் கொடை மகனுக்கன்று, மாணாக்கனுக்கு. 12ஆம் நூற்றாண்டின் இடையில் கிரியாக்கிரமத்தியோதிகை இயற்றிய அகோரசிவாசாரியரும் தம்மை ஆமர்த்தக மடத்து ஆசாரிய வரிசையில் வைத்தே பேசுகிறார். அந்த மட வரிசைகள் மறைந்துவிட்டன. அவருடைய பத்ததியோ தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும், இன்று சிங்கப்பூர், இலண்டன் முதலிய இடங்களிலும் சிவாசாரியரின் கையேடாக நிற்கிறது. நூலை உருவாக்கியது ஆசாரிய வழி. அதனை இன்றளவும் சுமந்துவந்தது காணியுடைய குடும்ப வழி.

ஜாகீர் முதல் இனாம் வரை

1763இல் செங்கற்பட்டுப் பகுதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக வந்தது. 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு நடத்திய அளவாய்வு ஏறத்தாழ 2000 ஊர்களின் நிலம், குடிகள், விளைவுப் பங்கீடு ஆகியவற்றைப் பதிவு செய்தது. களத்தில் நெல் அளக்கும்போதே கோயில்களுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் பங்கு ஒதுக்கப்பட்ட முறையை அக்கணக்குகளில் காணலாம். எல்லிசு 1818இல் அச்சான தம் அறிக்கையில் மிராசு உரிமையை விளக்கும்போது, ‘காணியாட்சி’ என்னும் தமிழ்ச் சொல்லையே அதன் வேராகக் கொண்டார். கோயிற் பூசகரின் உரிமையும் இச்சொல்லாட்சிக்குள் ‘அர்ச்சக மிராசு’ ஆகியது. சொல் மாறியது, பொருள் மாறவில்லை.

மாற்றம் வேறு வழியில் வந்தது. 1858க்குப் பின் இனாம் ஆணையம் மானிய நிலங்களை ஒவ்வொன்றாக ஆய்ந்து உரிமைப் பட்டயம் வழங்கியது. கூரம் செப்பேட்டில் பிரியாதிருந்த நிலமும் பூசையும் இனாம் பதிவேட்டில் தனித்தனி வரிசைகளாயின. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1963ஆம் ஆண்டின் மைனர் இனாம் ஒழிப்புச் சட்டம் அந்நிலங்களை ரயத்துவாரி முறைக்குள் கொண்டுவந்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையப் பணி தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அப்பகுதிக் கோயில் குருக்கள்மார்க்கும் தமிழகத்தின் பிற பகுதியினர்க்கும் காணி என்பது நிலத்தோடு கொண்டிருந்த உறவு சட்டப்படி தளர்ந்துவிட்டது. எஞ்சியது முறை நாளும் தட்டுக் காசும்.

சொத்தா, பணியா?

நிலம் பிரிந்த பின் முறை நாளின் சட்ட இயல்பு என்ன என்பதை நீதிமன்றங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவ்வரலாற்றில் முரணொன்று உள்ளது. அர்ச்சகப் பதவியை வாரிசாகப் பெறப் பெண் பாலினத்தால் தகுதியற்றவளல்லள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1918இல் தீர்ப்பளித்தது. தென்கன்னட மாவட்டத்து வழக்கு அது. பூசையைத் தகுதியுடைய ஒருவரைக் கொண்டு நடத்துவிக்கலாம் என்பது அதன் காரணம். உச்ச நீதிமன்றமும் 1955இல், பீகார் வழக்கொன்றில், இதே நிலையை மேற்கொண்டது. ஆகமப்படி கருவறையுள் நுழையாத பெண், சொத்துரிமைப்படி கருவறைப் பணிக்கு உடையவளாகலாம். முறை நாளைச் சொத்தாகக் கண்டதன் இயல்பான விளைவு இது.

1970இல் நிறைவேறி 1971இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 55ஆம் பிரிவை மாற்றிப் பரம்பரை வாரிசு முறையை நீக்கியது. இதனை எதிர்த்த சேசம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972 மார்ச்சு 14இல் தீர்ப்பு வழங்கியது. அர்ச்சகரை நியமிப்பது அறங்காவலரின் உலகியல் சார்ந்த செயல் எனவும், வாரிசு முறை சமயத்தின் இன்றியமையாக் கூறன்று எனவும், ஆயினும் நியமிக்கப்படுபவர் ஆகமம் வரையறுக்கும் பிரிவினராக இருத்தல் வேண்டும் எனவும் அது கூறியது. 2006ஆம் ஆண்டு அரசாணையை அடுத்து எழுந்த, ஆதிசைவ சிவாசாரியார்கள் நலச் சங்கத்தின் வழக்கில் 2015 திசம்பர் 16இல் வந்த தீர்ப்பும் ஆகமத்தையே அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு நியமனமும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும் என்றது. 2021 ஆகத்து 14இல் அரசுப் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகராக நியமிக்கப்பட்டனர்.

இவ்விவாதத்தில் இரு தரப்பும் எடுத்தாளும் வரலாறு குறையுடையது. பூசையுரிமை காலங்கடந்த குலதருமம் என்போர், காணி விற்கப்பட்டதையும் பங்கிடப்பட்டதையும் காணாது விடுகின்றனர். அர்ச்சகர் என்றும் கோயில் நிருவாகத்தின் ஊழியரே என்போர், முப்பது வட்டத்தார் அரசனின் ஊதியம் பெறாமல், தம் வழியினரைப் பிணையாக வைத்து ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் என்பதை மறந்துவிடுகின்றனர். 1971இல் நீக்கப்பட்டது தொன்மையான குலதருமமும் அன்று, வெறும் வேலைவாய்ப்பும் அன்று. நிலத்தை முன்பே இழந்து நின்ற ஒரு காணியின் கடைசிக் கூறு அது.

ஏடுகளின் இறுதி வரிகள்

நீதிமன்றங்கள் ஆகமத்தை அளவுகோலாக்கியதால் ஆகமச் சுவடிகளுக்குப் புதிய முக்கியத்துவம் ஏற்பட்டுள்ளது. அந்நூல்களை முதலில் கிரந்த எழுத்தில் அச்சிட்டவருள் சிந்தாதிரிப்பேட்டைச் சிவஞானபோத யந்திரசாலையும் தேவகோட்டைச் சிவாகமப் பரிபாலன சங்கமும் குறிப்பிடத்தக்கவை. பூசகரின் நூல்களை அச்சேற்ற முன்வந்தவர்கள் பெரும்பாலும் முதலியார்களும் நகரத்தார்களும் என்பது தனியே ஆராயத்தக்க செய்தி. 1950களின் பிற்பகுதியிலிருந்து புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என். ஆர். பட் முதலியோரின் முயற்சியால் சுவடிகளைத் திரட்டியது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அவற்றுட் பெரும்பகுதி கோயில் குருக்கள் இல்லங்களிலிருந்து வந்தது.

அச்சுவடிகள் இதுவரை ஆகம மூலத்துக்காகவே மிகுதியும் படிக்கப்பட்டு வந்துள்ளன. குல வரலாற்றுக்குப் பயன்படுவது மூலத்தைக் காட்டிலும் ஏட்டின் இறுதியே. படியெடுத்தவரின் பெயர், தந்தையின் பெயர், ஊர், படியெடுத்து முடித்த ஆண்டும் நாளும் அங்குக் காணப்படும். மூல ஆகமங்களைவிட மிகுதியாக உள்ள பத்ததிகளும், பிரதிட்டை, உற்சவம், பிராயச்சித்தம் பற்றிய கைக்குறிப்பேடுகளும், ஒரு குடும்பம் எந்தெந்தக் கோயில்களில் எத்தகைய பணியை ஏற்றது என்பதைச் சுட்டவல்லன. இவ்விறுதி வரிகளின் ஊர்ப்பெயர்களைச் செங்கற்பட்டு மாவட்டக் கல்வெட்டுகளின் சிவப்பிராமணர் பெயர்களோடும், இனாம் பதிவேட்டின் உரிமையாளர் வரிசையோடும் ஒப்பவைத்தால், வாயலூர்த் தூணில் அரசர்க்கு எழுதப்பட்டதைப் போன்றதொரு வரிசையை, நான்முகனில் தொடங்காமல், ஊரிலும் முறை நாளிலும் தொடங்கி அமைக்க இயலும்.